வடமேற்கைப் பார்த்த டிஷ்

எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு டிஷ் கிடக்கிறது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்தில், ஒனிஹங்காப் பகுதியின் பழைய மரவீடுகள் குட்டையான கட்டைகளின் மேல் நிற்பவை. ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு அடியில் இடம் இருக்கும். அங்கே, முந்திய வீட்டுக்காரர் விட்டுப்போன பெயின்ற் வாளிகளுக்கும் மகளின் முதல் சைக்கிளுக்கும் நடுவில், அது கவிழ்ந்து கிடக்கிறது. விளிம்பு ஒரு பக்கம் மடிந்துவிட்டது. மடித்தது நான்தான். இனி அது எந்தச் செயற்கைக்கோளையும் ஒழுங்காகக் கேட்காது.

நான் ரஷ்யாவில் ஆறு வருடம் ரேடியோப் பொறியியல் படித்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் போனேன். இப்போது வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் திருத்தும் கடையொன்றின் பின்னறையில் இருந்து சர்க்கியூட் போர்டுகளைச் சோதிக்கிறேன். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வீட்டை வாங்கியபோது என் படிப்புக்கு மரியாதையாக ஒன்று கேட்டேன். கூரையில் ஒரு பெரிய டிஷ் வைக்க வேண்டும். என் கணவர் மன்னார்க்காரர், பஸ் ஓட்டுகிறார், எதற்கும் அவ்வளவு லேசில் கவலைப்படாதவர். சரி என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

அந்த டிஷ் பார்த்தது ரஷ்யாவின் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றை. பூமத்திய ரேகைக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் அது இருக்கிறது. பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் தானும் ஒரு சுற்றுச் சுற்றுவதால், கீழே நிற்கிற எங்களுக்கு அது ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட என்பதால், அங்கே இந்த வகை டிஷ்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும். நான் படித்த நகரத்தில் அவை எதிர்வீட்டு ஜன்னலை எட்டி விடுப்புப் பார்க்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஒக்லாந்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவு, முகம் வடக்கே. இங்கே வீடு தேடுகிறவர்கள் வெயிலுக்காக வடக்குப் பார்த்த கூரையைத் தேடுவார்கள். நான் இதற்காகத் தேடினேன். எங்கள் செயற்கைக்கோள் வடமேற்கில், எதிர்வீட்டு ஓக் மரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நியூசிலாந்துக்கென்று யாரும் அதிலிருந்து எதையும் அனுப்பவில்லை. ஆஸ்திரேலியாப் பக்கம் திருப்பிவிட்ட கதிரின் ஓரம் இந்தப் பக்கமும் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதைப் பிடிக்கத்தான் அவ்வளவு பெரிய டிஷ்.

நான் பார்த்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சமையல், வானிலை, பழைய நாடகங்கள். வானிலை சொல்கிற பெண் நான் படித்த நகரத்தின் பெயரைச் சொல்லும்போது கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன். அங்கே எத்தனை பாகை குளிர் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை.

"மற்றப் பெண்டுகள் சீரியல் பாக்கினம். எங்கட வீட்டில ரஷ்யாக்காரி உருளைக்கிழங்கு அவிக்கிறதைப் பாக்கிறம்" என்பார் கணவர். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

உண்மையில் காரணம் இருந்தது. எனக்கு ரஷ்ய மொழியில் பயம் கிடையாது. அங்கேயும் பொலிஸ் தெருவில் மறித்துப் பேப்பர் கேட்டதுண்டு, ஆனால் அது என் தோலைத் தாண்டி உள்ளே போகவில்லை. எனக்கு உள்ளே இருக்கிற பயம் தமிழில் இருக்கிறது. ஒன்பது வயதில் வந்தது.

அப்பாவிடம் ஒரு ரேடியோ இருந்தது. தூரத்து நிலையங்கள் தெளிவாகக் கேட்கட்டும் என்று கூரையிலிருந்து முருங்கை மரத்துக்கு ஒரு செம்பு வயர் இழுத்துக் கட்டியிருந்தார். அது சண்டைக் காலம்; தகவல் அனுப்புகிற வயர் என்று யாரோ எங்கேயோ சொல்லிவிட்டார்கள். ஒருநாள் பின்னேரம் ஆமிக்காரர் ஒழுங்கைக்குள் இறங்கியபோது, அப்பா அடுப்படிக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டிலுக்குள் போனார். அம்மா என்னை வாசல் படலைக்கு அனுப்பினார். அந்த நாளில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பெரியவர்கள் உள்ளே இருக்க, வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைதான் படலைக்குப் போகும். பிள்ளையை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

நான் படலையைப் பிடித்துக்கொண்டு, அப்பா கொழும்புக்குப் போய்விட்டார், எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை என்று சொன்னேன். குரல் நடுங்கவே இல்லை. அவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நான் கொட்டிலுக்குப் போய்த் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"போயிட்டினம் அப்பா. வெளியில வாங்கோ" என்றேன்.

அப்பா உடனே வெளியே வரவில்லை. நான் கனநேரம் அந்தத் தகரத்துக்கு முன்னால் நின்றேன். நான் சரியாகச் சொல்லவில்லையோ, அதனால் கோபமோ என்று நினைத்தேன். வெளியே வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு எப்போதும் கதைத்ததில்லை.

அதனால் மகள் பிறந்தபோது எனக்குள் ஒரு சட்டம் போட்டேன். நான் அதிகம் கோயில் குளம் என்று திரியாதவள். எனக்கென்று இருந்த ஒரே நேர்த்திக்கடன் அது. இந்தப் பிள்ளை ஒருநாளும் எனக்காகக் கதவுக்குப் போகக்கூடாது. மணி அடித்தால் நான்தான் திறப்பேன். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரத் தலையோடு ஓடிவந்து திறப்பேன். மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழ் விளங்கும், பதில் எல்லாம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரோடு எதிர்வாதம் செய்கிறாள், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களோடு சிரித்துக் கதைக்கிறாள், கதவைப் பூட்டாமல் படுத்துவிடுகிறாள். ஏசுவேன். ஏசிக்கொண்டே உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். இவளுக்கு அந்தப் பயம் வரவில்லை என்று.

ரஷ்யா பக்கத்து நாட்டுக்குள் படையோடு போன பிறகு, நான் அந்தத் தொலைக்காட்சியைப் பார்க்கிற விதம் மாறியது. செய்தி வந்தால் சத்தத்தை நிறுத்திவிடுவேன். பொய் சொல்கிற முகம் எந்த மொழியிலும் ஒன்றுதான். எனக்கு அதைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சமையலும் வானிலையும் மட்டும் மிஞ்சின. பிறகு வானிலை மட்டும்.

அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை.

வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். கூட வேலை செய்கிற ஒருவர் ஃபோனில் ஏதோ செய்தி வாசித்தார். ரஷ்யாவின் செயற்கைக்கோள் ஒன்று மற்ற நாட்டுக் கோள்களுக்குப் பக்கத்தில் போய் நின்று ஒட்டுக்கேட்கிறதாம். எல்லோரும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அந்தக் கோள் வேறு, நான் பார்ப்பது வேறு. ஆனால் எனக்கு அறிவைக் காட்ட ஓர் ஆசை. எங்கள் வீட்டில் ரஷ்யக் கோள் ஒன்றைப் பார்க்கிற டிஷ் இருக்கிறது, நான் அங்கேதான் படித்தேன் என்று சொன்னேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, அப்போ நீ உளவாளியா என்றார். நானும் சிரித்தேன். சாப்பாட்டுப் பெட்டியைப் பாதியில் மூடினேன்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை கெட்டது. சொன்னவர் பகிடிக்குச் சொன்னார் என்று தெரியும். அப்பாவின் வயரைப் பற்றிச் சொன்னவரும் பகிடிக்குச் சொல்லியிருக்கலாம்.

ஒரு கிழமைக்குப் பிறகு, வேலை முடிந்து வந்தபோது, எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வெள்ளை வான் வண்டி நின்றது. கட்டட வேலைக்காரர் போடுகிற பளிச்சென்ற மேலங்கியோடு ஒருவர் ஓக் மரத்தடியில் நின்று எங்கள் கூரையை ஃபோனில் படம் பிடித்தார். ஒன்றல்ல, நாலைந்து படம். நான் வீட்டைக் கடந்து, தெரு முனைவரை நடந்து, டெய்ரி என்கிற சின்னக் கடைக்குள் போய்த் தேவையில்லாமல் பால் வாங்கிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது வான் இல்லை. தபால் பெட்டிக்குள் ஒரு துண்டு இருந்தது. 'உங்கள் கூரை பற்றிக் கதைக்க வந்தேன், ஒருவரும் இல்லை, மறுபடி வருவேன்' என்று ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தது. பெயர் இல்லை. எந்த இடத்து ஆள் என்றும் இல்லை.

கணவர் துண்டை வாசித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினார்.

"கவுன்சில் ஆளா இருக்கும்" என்றார்.

"கவுன்சில் எண்டால் கடிதம் வருமே. இது ஆரோ பேர் போடாமல் எழுதியிருக்கிறான். உங்களுக்கு விளங்கேல்லையே?"

"உமக்கு விசரே? டிஷ் வச்சால் இந்த நாட்டில ஆரும் பிடிக்கிறவையே? எங்களிட்ட பாஸ்போட் இருக்கு. பிள்ளை இஞ்ச பிறந்தது."

"பாஸ்போட்டைக் குடுத்தவைக்கு எடுக்கவும் தெரியும்."

அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்தார். "நீர்தானே சொல்லுறனீர், டிஷ் கேக்கும், கதைக்காது எண்டு" என்றார்.

அது உண்மை. அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் இல்லை. மேலிருந்து வருகிற அலையை டிஷ் வாங்கும். அங்கே எதையும் திருப்பி அனுப்பாது. எந்தக் கோளுக்கும் என்னைத் தெரியாது, என் கூரையைத் தெரியாது. கோள் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி, ஓரிடத்திலிருந்து வருவதை இன்னோரிடத்துக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். ஆறு வருடம் படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த விஷயம். ஆனால் தலைக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. உடுப்புக் காயப்போடப் போனால் வடமேற்கைப் பார்க்காமல் குனிந்துகொண்டே காயப்போட்டேன். அசையாமல் நிற்கிற ஒன்று தலைக்கு மேலே இருப்பதை முதல்தடவையாக உணர்ந்தேன். தாழ்வாகச் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் வரும், போகும். இது போகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரும் மகளும் தேவாலயத்துப் பூசைக்குப் போனார்கள். நான் தலையிடி என்று நின்றுவிட்டேன். கார் தெரு முனையில் திரும்பி மறைந்ததும் ஏணியை எடுத்தேன்.

எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. தகரக் கூரையில் உட்கார்ந்தபடியே அரைந்து அரைந்து நகர்ந்து போனேன். மனுக்காவ் துறைமுகப் பக்கமிருந்து சேற்று மணத்தோடு காற்று வந்தது. விமானம் ஒன்று தாழ்வாக இறங்கிப் போனது. அதிலிருந்து என்னைப் பார்ப்பார்கள் என்று தலையைக் குனிந்தேன். நாலு போல்ட். துரு பிடித்திருந்தன. கடைசிப் போல்ட் கழன்றதும் காற்று டிஷ்ஷைப் பாய்போல அள்ளியது. நான் பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் நானும் போயிருப்பேன். அது சறுக்கிக் கீழே ஹைட்ரேஞ்சியாப் பற்றைக்குள் விழுந்து விளிம்பு மடிந்தது. நான் கூரையில் இருந்து அழுதேன். எதற்கென்று கேட்டால், பயத்துக்கு என்றுதான் சொல்வேன்.

பிறகு பார்த்தால், டிஷ் இருந்ததைவிட இல்லாததுதான் நன்றாகத் தெரிந்தது. நாலு ஓட்டைகள், அவற்றைச் சுற்றி வெயில் படாத இடம் புதுப் பச்சையாக. வீட்டுக்கு அடியில் இருந்த பெயின்ற்றைக் கொண்டுபோய்ப் பூசினேன். அது வேறு பச்சை. களவெடுத்தவன் மாதிரி இருந்தது கூரை. அலைவரிசைகளும் கோணங்களும் எழுதி வைத்திருந்த கொப்பி ஒன்று இருந்தது. இலக்கங்கள், நடுவில் ரஷ்ய எழுத்து, நடுவில் தமிழ். அதைப் பிடித்தால் நான் என்ன சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. பாபக்யூ அடுப்பில் வைத்து எரித்தேன். பதினொரு வருடக் கொப்பி. சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன்.

மகள் காரிலிருந்து இறங்கியதும் கூரையைத்தான் பார்த்தாள். டிஷ் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கணவர் ஏணியையும் என் முழங்காலில் இருந்த துருவையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் செய்த பிழை இதுதான். ஏணி அல்ல, கொப்பி அல்ல. மகளின் இரண்டு தோளையும் பிடித்து, அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "ஆரும் கேட்டால் எங்கட வீட்டில டிஷ் இருக்கேல்லை. விளங்குதே? ஒருநாளும் இருக்கேல்லை" என்று சொன்னேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற பிள்ளை. என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். அன்று படுக்கப் போகும்போது முன்கதவைப் பூட்டியிருக்கிறாளா என்று பார்த்தேன். பூட்டியிருந்தாள். ஏசத் தேவையில்லாமல் போனது.

இரண்டு மூன்று நாள் கழித்து, பின்னேரம் நாலு மணி இருக்கும். கணவர் வேலையில். மகள் மேசையில் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். நான் பருப்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாகனம் வந்து நின்ற சத்தம். சமையலறைத் திரையின் ஓரத்தால் பார்த்தேன். வெள்ளை வான். அதே மேலங்கி. படியேறி வருகிறார்.

பதின்மூன்று வருடம் காத்த சட்டம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. நான் யோசிக்கவில்லை. கால்தான் யோசித்தது. வீட்டுக்குள் நடைபாதையில் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரி ஒன்று உண்டு, துவாய்களும் படுக்கை விரிப்புகளும் சூடாக இருக்க அங்கேதான் அடுக்குவோம். நான் அதற்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்தும் முன் மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

மணி அடித்தது. கதிரை பின்னால் நகர்கிற சத்தம். அவள் நடந்து போய்க் கதவைத் திறந்தாள். சங்கிலியைப் போட்டுக்கொண்டு திறந்திருக்கிறாள். சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சங்கிலியை நாங்கள் ஒருவரும் பாவிப்பதே இல்லை.

இருட்டு. தாங்கியின் சூடு முதுகில். கையில் வெங்காயக் கத்தி. 

அவர் குரல் தெளிவாகக் கேட்டது, மரியாதையான குரல். தான் கூரைக்குப் பெயின்ற் அடிக்கிறவர். இந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கு வேலை செய்கிறார். எங்கள் கூரையில் துரு ஏறியிருப்பதைப் பார்த்தார், முன்பும் ஒருதடவை வந்து துண்டு போட்டுவிட்டுப் போனார். அம்மா அப்பா நிற்கிறார்களா?

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது, துவாயில் வாயை அழுத்திக்கொண்டேன். கூரைக்குப் பெயின்ற். கொப்பி, டிஷ், நித்திரை, எல்லாம் ஒரு பெயின்ற்காரருக்கு. கணவர் இதை ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். வெளியே போய், மன்னிக்க வேண்டும், உள்ளே வேலையாக இருந்தேன் என்று சொல்லலாம் என்று கதவில் கை வைத்தேன்.

அப்போது மகள் பதில் சொன்னாள். அம்மா வேலையில். அப்பாவும் வேலையில். எப்போது வருவார்கள் என்று தெரியாது.

பரவாயில்லை என்றார் அவர். டிஷ் கழற்றிய இடத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, மழைக்கு முன் அடைக்கச் சொல்லு, இல்லாவிட்டால் ஒழுகும் என்றார்.

"இங்கே டிஷ் இருந்ததில்லை" என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் கொஞ்சம் தடுமாறினார். போன கிழமை நான் பார்த்தேனே, படமும் எடுத்தேனே என்றார்.

"இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நீங்கள் வேறு வீட்டைப் பார்த்திருப்பீர்கள்."

குரல் நடுங்கவே இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல், படலையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற குரல். என் சிரிப்பு நின்றுவிட்டது. கதவில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. வெளியே நிற்கிற மனிதர் யாரென்று இப்போது எனக்குத் தெரியும், பயப்பட ஒன்றும் இல்லை என்று தெரியும். ஆனாலும் என் உடம்பு முழுக்கப் பயம், அதுவரை வந்ததைவிடப் பெரிய பயம்.

அவர் சரி என்று சொல்லி ஒரு கடதாசியைக் கொடுத்தார். கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது. அவள் உடனே நகரவில்லை. வான் புறப்பட்டு, தெரு முனையில் திரும்பி, சத்தம் முழுதும் அடங்கும்வரை கதவடியிலேயே நின்றாள். அப்படி நிற்க வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. விறகுக் கொட்டில் கதையை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. அவள் தகப்பனுக்கும் சொன்னதில்லை.

பிறகு நடைபாதையில் அவள் காலடி கேட்டது. அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றது. கதவில் மெதுவாக இரண்டு தட்டு.

"போயிட்டார் அம்மா" என்றாள், தமிழில். "வெளியில வாங்கோ."

நான் உடனே வெளியே வரவில்லை.